பிள்ளை அறையும் அதன் சுவர்களும்

எங்கள் வீட்டின் கிழக்குப் பக்க அறை பல ஆண்டுகளாகப் பழைய பாடநூல்களும் நெல் மூட்டைகளும் கிடந்த இடம். மூத்த மகள் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதென்று முடிவானதும் அதனைப் பிள்ளை அறையாக மாற்ற வேண்டியதாயிற்று. வேலை தொடங்கிய அன்றே மூன்று கருத்துகள் எழுந்தன. "வாப்பா, பிள்ள கிடக்கிற அறையில கெமிக்கல் ஒண்டும் இரிக்கப்படா" என்றாள் மகள். "சாம்பிராணியும் சுறுமாவும் வாங்கி வை, மத்ததெல்லாம் அல்லாஹ் பாத்துக்குவான்" என்றார் என் உம்மா. "ரெண்டு நாளில வாசம் போயிரும் சேர், பயப்படாதீங்க" என்றார் பெயின்ட் பாஸ்.

மூட்டைகளை அகற்றியபோது மூலையில் ஒரு மரத் தொட்டில் வெளிப்பட்டது. நான் பிறந்த 1979இல் மர்ஹூம் வாப்பா தம் கையாலேயே செய்து, பச்சை எனாமல் பெயின்ட் பூசியது. அதன் மேல் விளிம்பில் சிறு சிறு பள்ளங்கள் இருக்கின்றன. அவை எனக்குப் பல் முளைத்த காலத்தில் நான் கடித்தவை என்று உம்மா எல்லோரிடமும் காட்டுவார். "இதத் தொடச்சி எடுத்தாப் போதும்" என்றார் அன்றும்.

நான் ஒரு கிராமப் பாடசாலையில் வரலாறு படிப்பிப்பவன். எமது பாடநூல்களில் மன்னர்களும் குளங்களும் அரசியல் யாப்புகளும் உண்டு. பிறந்த பிள்ளையை நாம் எந்தச் சுவர்களுக்கு நடுவே கிடத்தினோம், அச்சுவர்களில் எதைப் பூசினோம், அந்தக் காற்றில் எதைப் புகைத்தோம் என்ற வரலாறு அவற்றில் இல்லை. கலேவெலப் பக்கத்து எமது வீடு ஒன்றையே சான்றாகக் கொண்டு அதனை எழுதிப் பார்க்கும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

சாணமும் சுண்ணாம்பும்

என் வாப்பும்மா பிள்ளை பெற்ற வீடு, வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர்களும் சாணம் மெழுகிய தரையும் கொண்டது. மாத்தளை மாவட்டத்தின் வடபகுதிக் கிராமங்களில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோருடைய வீடுகளும் அநேகமாக இவ்வாறே இருந்தன. வசதியுள்ளோர் பெருநாளுக்கு முன் சுண்ணாம்பு அடித்தனர். சுண்ணாம்பு நல்லதொரு கண்டுபிடிப்பு. அதன் காரத்தன்மை பூஞ்சணத்தையும் கிருமிகளையும் தடுக்கும். மண் சுவர் ஈரத்தை வெளிவிட இடமளிக்கும். காய்ந்தபின் அறைக்குள் எந்த நச்சாவியையும் கக்குவதில்லை. நீற்றும்போது கையையும் கண்ணையும் சுட்டுவிடக்கூடியது என்பது மட்டுமே அதன் குறை.

சாணத்தைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது. 'அந்தக் காலத்தில் எல்லாம் இயற்கை' என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் கால்நடைகளின் சாணத்தில் ஏற்புவலிக் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். மெழுகிய தரையில் பிரசவம் நடந்து, கிடைத்த கத்தியால் கொடி அறுக்கப்பட்டு, தொப்புளில் சாம்பலோ வேறெதுவோ வைக்கப்பட்ட பிள்ளைக்குச் சில நாட்களில் தாடை இறுகி வலிப்பு வரும். பிரித்தானியர் காலத்து மரணப் பதிவுகளில் சிசுக்களின் இறப்புகளில் பெருந்தொகையானவை 'வலிப்பு' என்றே எழுதப்பட்டிருந்தன. வீட்டாரோ அதனைக் கண்ணூறு என்றும் ஷைத்தானின் தீண்டல் என்றும் சொல்லிக் கொண்டனர். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்புத் தடுப்பூசி போடும் முறை இந்நாட்டில் 1969இல் தொடங்கியது. பயிற்சி பெற்ற மருத்துவ மாதுக்களும் வைத்தியசாலைப் பிரசவமும் அந்தத் தடுப்பூசியும் சேர்ந்தே அந்த வலிப்பை எமது ஊர்களிலிருந்து விரட்டின. ஆகவே இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் பிள்ளைக்கு உகந்ததாகிவிடாது என்பது எமது அறையின் முதற்பாடமாகும்.

கடல் கடந்து வந்த புகை

அறையை மூடி, சன்னலில் சீலை கட்டி, நாற்பது நாளும் காலை மாலை சாம்பிராணி புகைப்பது எமது வழக்கம். நொச்சியும் வேம்பும் இவ்வூர் இலைகள். அவற்றின் புகை நுளம்புக்கு. சாம்பிராணியோ வெகுதூரத்திலிருந்து வந்தது. அது சுமாத்திரா முதலிய கீழைத்தேசக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பிசின். அறபு வணிகர் அதனை 'லுபான் ஜாவி' என்றனர். 1344இல் இத்தீவுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா, பின்னர் சுமாத்திராவுக்குச் சென்றபோது கண்ட அம்மரத்தைப் பற்றித் தமது பயண நூலில் எழுதியிருக்கிறார். எமது மூதாதையரை இக்கரைக்குக் கொண்டுவந்த அதே கடல்வழிகள்தாம் பிள்ளை அறையின் வாசத்தையும் கொண்டுவந்தன எனலாம்.

இன்னொரு சுவையான விடயம். ஐரோப்பியர் 'லுபான் ஜாவி'யின் முன்னெழுத்தை உதிர்த்து 'பென்சோயின்' என்றாக்கினர். இரசாயனவியலாளர் அச்சொல்லிலிருந்தே 'பென்சீன்' என்ற பெயரை உருவாக்கினர். இன்று பெயின்டையும் பெற்றோலையும் பற்றி அச்சத்தோடு உச்சரிக்கப்படும் பென்சீன், பெயரளவில் எமது சாம்பிராணியின் பேரப்பிள்ளை. மகள் அஞ்சிய 'கெமிக்கல்' என்ற சொல்லும் 'அல்கீமியா' என்ற அறபுச் சொல் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து எமக்குத் திரும்பி வந்ததுதான்.

புகை எந்த மரத்தினுடையதாயினும் அதில் மிக நுண்ணிய துகள்கள் உண்டு. வளர்ந்தவரின் நெஞ்சு அதனைத் தாங்கிக் கொள்ளலாம். நிமிடத்துக்கு நாற்பது தடவை மூச்சிழுக்கும் சிசுவின் நுரையீரல் அவ்வாறில்லை. மூடிய அறையில் அது இரட்டிப்பு ஆபத்து.

சுறுமாவின் கதை இதனினும் நுட்பமானது. 'குஹ்ல்' என்ற அறபுச் சொல்லே 'அல்கஹோல்' என உலகெங்கும் பரவியது. கண்ணுக்கு இதுமித் இடுவது ஹதீஸ்களில் சிறப்பித்துச் சொல்லப்பட்டிருப்பதை நாம் அறிவோம். இதுமித் என்பதை அந்திமனிக் கல் என்று பழைய அறிஞர் விளக்குவர். ஆனால் கடைகளில் சுறுமா என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி அதே கறுப்பும் அதே மினுக்கமும் கொண்ட ஈயக் கல். பிரித்தானியாவில் குடியேறிய ஆசியக் குடும்பத்துக் குழந்தைகளிடம் சுறுமாவினால் ஈயம் சேர்வதைப் பற்றி அந்நாட்டு மருத்துவ இதழில் 1968இலேயே எழுதப்பட்டது. பிள்ளை கண்ணைக் கசக்கிய விரலைத்தான் அடுத்த நொடியில் வாயில் வைக்கிறது. பெரியோர் தம் கண்ணுக்கு இடுவதன் சிறப்பைப் பற்றி நான் வாதிட வரவில்லை. பிறந்த பிள்ளையின் கண்ணில் கடைச் சுறுமா இடுவது மார்க்கக் கடமை என்று சொன்ன உலமா எவரையும் நான் கேட்டதில்லை.

1935

வாப்பும்மா தம் முதற் பிள்ளையைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுவார். 'காய்ச்சல் வருசத்துல போன பிள்ள' என்பார். அந்தக் காய்ச்சல் வருடம் எதுவென்று நான் அறிந்தது ஆசிரியனான பிறகுதான்.

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஈரவலயத்திலும் அதன் விளிம்பிலும் ஓடிய ஆறுகள் வற்றி, மணலுக்கிடையே சிறு சிறு குட்டைகளாயின. அந்தத் தெளிந்த குட்டைகளில் அனோபிலிஸ் நுளம்பு பெருகியது. வருட இறுதியில் தொடங்கி 1935இன் முதல் மாதங்கள் வரை நீடித்த மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. எமது கலேவெலப் பகுதி குருநாகலின் எல்லையோரம் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அவ்வருடம் இந்நாட்டில் உயிரோடு பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 263 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன. அதாவது நான்கில் ஒன்றுக்கும் மேல்.

அந்தப் பிள்ளையின் அறையில் பெயின்ட் இல்லை. பிளாஸ்டிக் இல்லை. தைக்கா மரநிழலிலிருந்து வந்த காற்றும் மண்சுவரும் சாம்பிராணியும் மட்டுமே இருந்தன. மகள் கேட்ட 'கெமிக்கல் இல்லாத அறை' அதுதான். அந்த அறைக்குள் நுளம்பு வந்தது.

வெள்ளைப் பொடி

1874இலேயே ஆய்வுகூடத்தில் தயாரிக்கப்பட்டும் பயனறியப்படாமல் கிடந்த ஒரு சேர்வை பூச்சிகளைக் கொல்லும் என்பதைச் சுவிற்சர்லாந்தின் போல் முல்லர் 1939இல் கண்டார். அதுவே டீ.டீ.ரீ. அதற்காக 1948இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகப் போர் முடிந்த கையோடு இலங்கை அதனைப் பரீட்சித்துப் பார்த்து, 1946, 1947 ஆண்டுகளில் மலேரியாப் பிரதேசங்களின் வீடுகளெங்கும் விசிறத் தொடங்கியது.

விசிறப்பட்ட இடம்தான் இங்கு முக்கியமானது. அதுவரை மலேரியா ஒழிப்பு என்றால் ஆறும் குட்டையும் மண்ணெண்ணெயும்தான். புதிய முறை வீட்டுக்குள் நுழைந்தது. இரத்தம் குடித்த நுளம்பு பாரம் தாங்காமல் அருகிலுள்ள சுவரில் சற்று நேரம் அமர்ந்திருக்கும். அந்தச் சுவரில் மருந்து இருந்தால் அது அங்கேயே மடியும். எனவே படுக்கையறைச் சுவரே போர்க்களமாயிற்று. 'மருந்தடிக்கிற ஆக்கள்' முதுகில் தாங்கியோடு வந்து பாய், பானை, சட்டிகளை முற்றத்தில் வைக்கச் சொல்வார்களாம். அவர்கள் போனபின் மண்சுவரில் வெண்மையாகப் பூத்திருக்குமாம். அதன்மேல் மெழுகவோ சுண்ணாம்பு அடிக்கவோ கூடாது என்பது அவர்களின் கட்டளை. அடித்தால் மருந்து மூடப்பட்டுவிடும். பெருநாளுக்கு வெள்ளையடிக்க முடியவில்லையே என்று வாப்பும்மாவுக்கு முதலில் மனக்குறை. பின்னர் கரப்பான் செத்தது, மூட்டைப்பூச்சி செத்தது, நுளம்பு இல்லை. என் வாப்பா 1947இல் அந்த அறையில்தான் பிறந்தார். பிழைத்தார்.

நாட்டின் கணக்கும் அதுவே. 1946இல் ஆயிரத்துக்கு 141ஆக இருந்த சிசு மரணம் அடுத்த ஆண்டே 101ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சி முழுவதும் டீ.டீ.ரீயால் ஆனதா என்ற விவாதம் அறிஞர்களிடையே நடந்தது. போருக்குப் பின் உணவு நிலை சீரடைந்தது, வைத்தியசாலைகளும் மருத்துவ மாதுக்களும் பெருகியது ஆகியவற்றுக்கும் பங்குண்டு என எஸ். ஏ. மீகம போன்றோர் வாதிட்டனர். அந்த வாதம் நியாயமானதே. ஆயினும் 1946இல் ஏறத்தாழ 28 இலட்சமாக இருந்த மலேரியா நோயாளர் தொகை 1963இல் 17 பேராகச் சுருங்கியது என்ற உண்மையை எவரும் மறுக்கவில்லை.

அந்த 17 என்ற எண்ணே ஏமாற்றிற்று. ஆபத்து நீங்கியதென எண்ணி விசிறுதல் நிறுத்தப்பட்டது. 1967 தொடக்கம் நோய் மீண்டது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். இதற்கிடையில் நுளம்பு டீ.டீ.ரீக்குப் பழகிவிட்டது. எழுபதுகளின் நடுப்பகுதியில் மலத்தியன் என்ற வேறொரு மருந்துக்கு மாற நேர்ந்தது. நானே சிறுவனாக முகர்ந்த நாற்றம் அது.

மற்றொரு பக்கத்தில், டீ.டீ.ரீ. எளிதில் அழிவதில்லை, கொழுப்பில் சேர்ந்து நிற்கும் என்பது தெரியவந்தது. 1951இலேயே அமெரிக்கத் தாய்மாரின் பாலில் அது கண்டறியப்பட்டது. 1962இல் ரேச்சல் கார்சன் எழுதிய நூலுக்குப் பின் உலகம் விழித்துக் கொண்டது. 2001இன் ஸ்டொக்ஹோம் சமவாயம் அதன் பாவனையைக் கடுமையாக மட்டுப்படுத்தி, நோய்பரப்பும் பூச்சிகளுக்கு எதிராக மட்டும் இடம் வைத்தது. பிள்ளையைக் காத்த மருந்தே தாய்ப்பாலுக்குள்ளும் போய் அமர்ந்தது. இதில் எந்தப் பாதியை மறைத்தாலும் வரலாறு பொய்யாகிவிடும். இலங்கையின் உள்நாட்டு மலேரியாத் தொற்று கடைசியாகப் பதிவானது 2012இல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. இரத்தப் பரிசோதனை, உடனடிச் சிகிச்சை, மருந்தூட்டிய நுளம்பு வலை, தேர்ந்தெடுத்த இடங்களில் மட்டும் விசிறுதல் எனப் பல கைகள் சேர்ந்து செய்த வேலை அது.

பச்சைத் தொட்டில்

இனி எமது தொட்டிலுக்கு வருவோம். சீமெந்துச் சுவரும் எனாமல் பூசிய சன்னலும் எழுபதுகளில் எமது ஊர்களில் முன்னேற்றத்தின் அடையாளங்கள். வாப்பா மகனுக்காகப் பளபளக்கும் பச்சையைத் தேர்ந்தார். பெயின்டில் ஈயம் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. அது விரைவில் காயும், மழை வெயிலுக்கு நிற்கும், நிறம் மங்காது. வெள்ளைக்கு ஈய வெள்ளை, துருத்தடுப்புக்குச் செவ்வீயம், மஞ்சளுக்கு ஈயக் குரோமேற்று. அந்த மஞ்சளோடு நீலம் கலந்தால் பச்சை.

இதன் தீமை புதிதாகத் தெரிந்ததல்ல. அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில் குழந்தைகளுக்கு ஏற்பட்ட ஈய நஞ்சு, வீட்டுத் திண்ணைக் கம்பிகளின் பெயின்டிலிருந்து வருகிறது என்பதை லொக்ஹார்ட் கிப்சன் என்ற கண் வைத்தியர் 1904இல் எடுத்துக் காட்டினார். சர்வதேச தொழில் தாபனம் 1921இல் உட்புறப் பூச்சு வேலைகளில் ஈய வெள்ளையை மட்டுப்படுத்தும் சமவாயத்தை நிறைவேற்றியது. அமெரிக்கா வீட்டுப் பெயின்டில் அதனைத் தடுத்தது 1978இல். வாப்பா தொட்டிலைப் பூசியதற்கு முந்திய ஆண்டு அது. கலேவெலத் தச்சுப் பட்டறைக்கு அந்தச் செய்தி யார் சொல்லி வரும்?

இலங்கையில் பெற்றோலிலிருந்து ஈயம் 2002இல் நீக்கப்பட்டது. பெயின்டுக்கு இன்னும் காலம் எடுத்தது. சுற்றாடல் நீதிக்கான மையம் கடைகளில் விற்ற பெயின்ட் வகைகளைப் பரிசோதித்து, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடர்ந்தது. அதன் விளைவாகப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் பணிப்புரை 2011 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளிவந்து, 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. சுவருக்கான இமல்ஷனிலும் விளையாட்டுப் பொருள்களுக்கான பெயின்டிலும் கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கலாகாது. எனாமலுக்கு 600 என அப்போது எல்லை வகுக்கப்பட்டது. பிள்ளை சுவரைக் கடிப்பதில்லை. எனாமல் பூசிய தொட்டிலையும் சன்னல் விளிம்பையும்தான் கடிக்கிறது. எனினும் எல்லையே இல்லாதிருந்த நாட்டில் அது பெரும் மாற்றம்.

சிசுவுக்கு ஈயம் ஏன் கொடியது? வளர்ந்தவர் உட்கொள்வதில் ஒரு சிறுபகுதியே உடலில் சேரும். குழந்தைக்கு அது நான்கைந்து மடங்கு. அது மூளையைத் தொடுகிறது. கவனம் குறைகிறது, கற்றல் தடைப்படுகிறது. வெளியே புண்ணுமில்லை, காய்ச்சலுமில்லை. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எலும்பில் தங்கிய ஈயம் கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தத்தில் கலந்து கருவையும் அடைகிறது. வகுப்பின் பின்வரிசையில் எதுவும் ஏறாமல் உட்கார்ந்திருந்த எத்தனையோ பிள்ளைகளை நான் 'மந்தம்' என்று எண்ணியிருக்கிறேன். அவர்கள் எந்தச் சன்னலைக் கடித்து வளர்ந்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பழைய பெயின்ட் சுவரில் அப்படியே இருக்கும்வரை பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. உரியும்போதும் சுரண்டும்போதும்தான் தூசாகிறது. புதுப்பிள்ளைக்காக அறையை அழகாக்க எண்ணி, பழைய சன்னலைச் சேண்ட் பேப்பரால் தேய்க்கும் வேளையே மிக ஆபத்தான வேளை. அந்நேரம் கர்ப்பிணி அவ்வீட்டில் நிற்கவே கூடாது.

கூரையும் சுருளும்

ஓட்டுக்குப் பதில் வந்த அஸ்பெஸ்டஸ் தகடு இன்று எமது வீடுகள் பலவற்றை மூடி நிற்கிறது. மிகக் கொடிய நீல வகை 1987இல் இங்கு தடைசெய்யப்பட்டது. வெள்ளை வகையின் இறக்குமதியை 2018 ஜனவரி முதல் மட்டுப்படுத்தும் திட்டமும் இருந்தது. 2017 டிசெம்பரில் ரஷ்யா எமது தேயிலையில் ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லித் தேயிலை இறக்குமதியை இடைநிறுத்தியது. அந்த வகை அஸ்பெஸ்டஸின் முக்கிய ஏற்றுமதி நாடும் ரஷ்யாதான். தடை கைவிடப்பட்டது. எமது மலைகளின் கொழுந்துக்கும் எமது பிள்ளைகளின் தலைக்கு மேலுள்ள தகட்டுக்கும் இப்படியும் ஓர் உறவு உண்டு. துளையிடாமல், வெட்டாமல், பாசியைத் தூரிகையால் உரசாமல் விடுவதும் உட்கூரை அமைப்பதும் ஏழை வீட்டாரால் இயன்ற பாதுகாப்பு.

நுளம்புச் சுருளும் அவ்வாறே. பூவிலிருந்து எடுத்த பைரித்திரத்தைக் கொண்டு ஜப்பானியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியது அது. நுளம்பைச் சாய்க்கும் மருந்து அதில் மிகச் சிறு பங்கு. மீதியெல்லாம் எரியும் தூள். சீன, மலேசியச் சுருள்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வொன்று, ஒரு சுருள் எரிந்து முடிகையில் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமமெனக் கணித்தது. வாப்பா சிகரெட் பிடிக்க முற்றத்துக்குப் போவார். சுருளோ கட்டிலுக்கடியில் இரவு முழுதும் எரிந்தது.

அதற்காக நுளம்பை விட்டுவிடவும் முடியாது. மலேரியா போனது, டெங்கு வந்தது. 2017இல் மட்டும் இந்நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர்.

அறை இன்று

இவ்வளவையும் எழுதியபின் மகளின் கேள்விக்கு என் விடை இதுதான். இரசாயனமா இயற்கையா என்று கேட்பதில் பயனில்லை. சாணமும் இயற்கை, ஈயமும் இயற்கை, புகையும் இயற்கை. இந்தப் பொருள் பிள்ளையின் வாய்க்கோ மூச்சுக்கோ போகுமா, இதனை நீக்கினால் வேறெந்த ஆபத்து உள்ளே வரும் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். வாப்பும்மாவின் அறையில் இரண்டாவதைக் கேட்க வழியிருக்கவில்லை. வாப்பாவின் காலத்தில் முதலாவதைக் கேட்க ஆளிருக்கவில்லை.

நாங்கள் செய்தவை சிலவே. சுவரின் மேற்பகுதிக்குச் சுண்ணாம்பு, கைபடும் கீழ்ப்பகுதிக்கு ஈயம் சேராததென்று தகரத்தில் எழுதப்பட்ட நீர்க்கலவைப் பெயின்ட். அதனையும் பிரசவத் திகதிக்கு இரண்டு மாதம் முன்பே முடித்து, சன்னல்களைத் திறந்து விட்டோம். பழைய சன்னல் சட்டத்தைத் தேய்க்க வேண்டாமென்று சொன்னபோது பாஸ் வியந்தார். ஈரத்துணியால் துடைத்து, உரிந்த இடங்களை நனைத்தே எடுத்து, மேலே புதுப்பூச்சு பூசினார்; மகள் அந்த வாரம் மாமியார் வீட்டிலிருந்தாள். புதிய சிப்போர்ட் அலுமாரி ஒன்று பரிசாக வந்தது. திறந்தால் கண் எரிந்தது. அது போர்மல்டிஹைட்டு; 2004இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென வகைப்படுத்தப்பட்டது. அலுமாரி கதவு திறந்தபடி விறாந்தையில் நிற்கிறது. பிள்ளையின் துணிகள் பழைய பிரம்புக் கூடையில். புதுத் துணிகளை ஒருமுறை கழுவிக் காயவைத்தோம். நுளம்புக்கு வலை, முற்றத்தில் சிரட்டையோ டயரோ இல்லை. இரவில் பிள்ளை வலைக்குள், உம்மாவின் பக்கத்தில், முதுகில் கிடக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ் சொல்லிப் போனார். சாம்பிராணி முன்வாசலில், மஃரிபுக்குப் பின், சிறிது நேரம். அதற்கு உம்மா உடன்பட்டார். சுறுமாவுக்கும் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக் கொண்டு பின்னர் உடன்பட்டார்.

தொட்டில் மட்டும் இருந்தது. "நீ இதிலதானே கெடந்த மகன். ஒனக்கு என்ன வந்திச்சி?" என்றார். அந்தக் கேள்விக்கு விடை இல்லை. எனக்கு எதுவும் வராதிருந்திருக்கலாம். வந்திருந்தால் அதை அறிவதற்கு வேறொரு நான் இல்லை. அந்தப் பச்சையைப் பரிசோதித்துப் பார்க்க எமக்கு வசதியுமில்லை. வாப்பும்மாவின் அறையிலிருந்து தொடங்கி நான் அறிந்ததையெல்லாம் அன்று இரவு உம்மாவுக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலை கிணற்றடியில் புகை தெரிந்தது. பழைய பருத்திச் சேலைகள் இரண்டை உம்மா பெரிய சட்டியில் அவித்துக் கொண்டிருந்தார். பகலில் பிள்ளையைக் கிடத்த ஏணை கட்டுவதற்கு. தொட்டிலை நாங்கள் சுரண்டவுமில்லை, எரிக்கவுமில்லை. எரித்தால் ஈயம் புகையாகும். தடித்த பொலித்தீனில் சுற்றி மச்சுக்கு ஏற்றினேன். ஏணியில் நான் நிற்கையில் கீழே பிடித்துக் கொண்டிருந்த உம்மா கேட்டார்:

"வாப்பாக்குத் தெரிஞ்சிருந்தா பூசியிரிக்க மாட்டார், என்ன மகன்?"

"பூசியிரிக்க மாட்டார் உம்மா" என்றேன்.